தோன்றா எழுவாய்

திங்கள், செவ்வாய் சட்டம்:
திரியெஸ்தேயில், கடலைப் பார்த்த குன்றின் மேல்.
புதன், வியாழன் உலக அரசியல்:
ஏழு பன்னிரண்டு ரயிலைப் பிடித்தால்
எல்லையை ஒட்டிய கொரிட்சியாவில்.
வெள்ளி இரண்டுக்கும் பொது என்று அட்டவணை சொல்கிறது.
அன்று நான் பேக்கரியில்
மாவு மூட்டை இறக்குகிறேன்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
சேறு எதுவென்று
மூன்றாம் ஆண்டிலும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆறு மட்டும் தெரியும்.
அந்தப் பக்கம் ஸோச்சா, இந்தப் பக்கம் இஸோன்ஸோ.
பெயர் மாறுகிற வளைவில்
ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்,
சட்டைப்பையில்
இரண்டு நாட்டு மீன்பிடி உரிமத்தோடு.
நானறிந்த ஒரே இரட்டைப் பட்டதாரி.

ஒரே உடன்படிக்கையை
இரண்டு புத்தகங்களில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.
ஒன்றில்,
நாடுகள் பலப்பிரயோகத்தைத் தவிர்க்க வேண்டும்:
மஞ்சள் மார்க்கரால் கோடு.
மற்றதில், அடுத்த பக்கமே,
தவிர்க்காத நாடுகளின் பட்டியல்:
பச்சை.
பச்சை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

ஜூன் மாத வாய்மொழித் தேர்வில்
பேராசிரியர் வெக்கியேத் கேட்டார்:
அந்தத் துறைமுகத்தை அடைத்தது சரியா?
அடைத்தவர்களிடம் கப்பல்கள் இருந்தன, என்றேன்.
நெரீனா, நான் கேட்டது சரியா என்று.
முப்பதுக்கு இருபத்து நான்கு.

பன்னிரண்டு நாள் கழித்துப் பேராசிரியை மர்கோன்:
ஏன் யாரும் அதைத் திறக்கவில்லை?
சாசனத்தின்படி சபை கூடியிருக்க வேண்டும், என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி,
கூடினார்கள், என்றார்.
பிறகு?
இருபத்து மூன்று.

கூட்டினால் நாற்பத்தேழு.
எந்த ஊரிலும் செல்லாத நாணயம்.

இரண்டு பாடங்களிலும் ஒரே மாதிரி வாக்கியங்கள்.
நகரம் தாக்கப்பட்டது.
கவலை தெரிவிக்கப்பட்டது.
அறிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது.
யாரால் என்று
பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையில் கேட்பார்கள்.
இங்கே அதற்கு மதிப்பெண் இல்லை.

நவம்பர், புதன்கிழமை.
போரா காற்று குப்பைத்தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தது.
ரயில் நிலையத்துக்கு எதிரே பெஞ்சில்
ரொட்டிப் பைகளால் கால்களைச் சுற்றியிருந்த ஒருவர்
நான்காக மடித்த தாளை நீட்டினார்.
சிஸ்டர், யெஸ் ஆர் நோ?

ஏழு நாட்களுக்குள்
நாட்டைவிட்டு வெளியேறுமாறு உத்தரவிடப்படுகிறது.
கீழே முத்திரை. கோழி கிளறியதுபோல் ஒரு கையெழுத்து.

முப்பது நாள் மேல்முறையீடு உண்டு
என்றது எனக்குள் திங்கட்கிழமை.
வசந்தத்தில் தேர்தல் வருகிறது,
எந்த ஜன்னலும் திறக்காது
என்றது புதன்கிழமை.
அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
யெஸ்ஸும் இல்லை, நோவும் இல்லை.
தேதியை மட்டும் உரக்க வாசித்தேன்.

தேதி அவருக்குப் புரிந்தது.
விரல்விட்டு எண்ணினார்,
ஐந்தில் நின்றுவிட்டார்.

ஏழு பன்னிரண்டு போய்விட்டது.
அன்றைய கருத்தரங்கு, எல்லைகளின் எதிர்காலம்;
நான் இல்லாமலும் அது நடந்திருக்கும்.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன்.
பேனா குளிரில் எழுதவில்லை;
ஊதிப் பார்த்தேன், உதறிப் பார்த்தேன்.
பையில் மார்க்கர்கள்தான் இருந்தன.
மஞ்சள் வெள்ளைத் தாளில் தெரியாது.

பச்சையால் எழுதத் தொடங்கினேன்,
மனுவின் முதல் சொல்லாக,
நான்.
பக்கத்தில் அவர் பெயர்.
இஹ்சானுல்லாவுக்கு எத்தனை எல் என்று கேட்டேன்.
இரண்டு விரல்களைக் காட்டினார்.
காற்று தாளைத் தூக்கப் பார்த்தது.
அந்த இரண்டு விரல்களையே
தாளின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டார்.